வார்டு ஆரோக்கிய மேப் போட கியூஜிஐஎஸ் ஒத்து வருமா? திருப்பூர்ல பயன்படுத்திப் பாத்தவன் ரிவ்யூ

கியூஜிஐஎஸ்ங்கறது கம்ப்யூட்டர்ல மேப் போடற ஒரு சாப்ட்வேருங்க. அதைப் பத்தி ரிவ்யூ தேடுனா லேஅவுட் போடறவங்க எழுதுனது, சர்வே படிக்கற பசங்க எழுதுனது, செட்டிலைட் படத்தை வச்சு வெவசாயம் பாக்கறவங்க எழுதுனதுன்னு நெறைய வருது. நான் எழுதறது ஒரே ஒரு வேலைக்குத்தானுங்க. ஒரு வார்டுக்குள்ள எந்த வீதிக்குத் தண்ணி எப்ப வருது, எத்தன வீட்டுக்கு ஒரு கக்கூஸ், கூரை ஓடா சீட்டா தார்சா, வேலைக்குப் போறவங்க எந்நேரத்துக்கு வீடு வந்து சேர்றாங்க, இதெல்லாம் அந்த வீதிக்காரங்களோட காய்ச்சல், சக்கரை, பிரஷர், வீசிங் கூட எப்படி ஒட்டுது ஒட்டலைன்னு மேப்ல வச்சுப் பாக்கறதுக்கு. அந்த வேலைக்கு அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுப்பேன். மீதி ஒரு ஸ்டார் ஏன் போச்சுன்னு போகப் போக சொல்றேன்.

நான் சாப்ட்வேர் ஆளு கெடையாதுங்க, பனியன் கம்பெனில மெர்ச்சண்டைசிங். எக்செல் நல்லா வரும், அவ்வளவுதான். எங்க ஏரியா பசங்க கொஞ்சப் பேரு சேந்து, ஒவ்வொரு மழைக்கும் நம்ம பக்கம் மட்டும் ஏன் காய்ச்சல் ஜாஸ்தியா இருக்குதுன்னு பேசிட்டிருந்தப்ப, அதுல ஒருத்தன் நர்சிங் முடிச்சவன், வாய்ல பேசுனா கவுன்சிலர் தலைய ஆட்டிட்டுப் போயிருவாரு, மேப்பா போட்டுக் குடுத்தா ஒக்காந்து பாப்பாருன்னான். அங்க ஆரம்பிச்சது.

வெலை சைபர். டிரயல் பீரியட், லைசன்ஸ் கீ எதுவும் கெடையாது. 2002ல கேரி ஷெர்மன்னு ஒருத்தர் ஆரம்பிச்சது, 2009ல 1.0 வந்துச்சு, இன்னிக்கு வரைக்கும் ஓப்பன் சோர்ஸ்தான். டவுன்லோட் பண்றப்ப ரெண்டு வெர்ஷன் காட்டும், அதுல லாங் டேர்ம் ரிலீஸ்னு இருக்கறதை எடுங்க, புதுசுதான் நல்லதுன்னு நெனச்சு மத்ததை எடுக்காதீங்க. விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாத்துலயும் ஓடும்.

வீடு வீடா கேள்வி கேக்கறதுக்கு கோபோ டூல்பாக்ஸ். இது ஹார்வர்ட் பக்கம் பேரிடர் வேலைக்குன்னு உருவானது. போன்ல நெட் இல்லாமயே பாரம் நிரப்பலாம், ஜிபிஎஸ் புள்ளியும் கூடவே ஏறிக்கும், ஒரே பாரத்தை தமிழ், இந்தி, ஒடியான்னு பல பாஷைல வச்சுக்கலாம். திருப்பூர்ல இது ரொம்ப முக்கியமுங்க. ஒடிசா, பீகார், ஜார்கண்ட் ஆளுக தங்கியிருக்கற ரூம்ல போய் தமிழ்ல கேட்டா எல்லாத்துக்கும் "ஹா ஜி"ன்னு சொல்லிட்டுக் கதவைச் சாத்திருவாங்க, அப்பறம் மேப்ல அந்த எடம் நோயே இல்லாத சொர்க்கமாத் தெரியும்.

இப்ப எரிச்சல் ஆன சமாச்சாரம். கோபோல இருந்து எறக்குன சிஎஸ்விய (வெறும் எழுத்தா வர்ற டேபிள் பைலு) எக்செல்ல டபுள் கிளிக் பண்ணித் தெறந்தா தமிழ் பூராவும் பூச்சி பூச்சியா வரும். டேட்டா மெனு வழியா போய் யூடிஎப்-8னு (தமிழ் எழுத்தைச் சரியாக் காட்டற குறியீட்டு முறை) சொல்லி இம்போர்ட் பண்ணணும். அதை விட மோசம் ஷேப்பைல். மேப்பைச் சேவ் பண்ற பழைய பார்மட்டுங்க அது, காலம் தலைப்புக்கு பத்து பைட்தான் எடம். இங்கிலீஷ்னா பத்து எழுத்து வரும், தமிழ் ஒவ்வொரு குறிக்கும் மூணு பைட் தின்னும், ஆக "தண்ணீர் வரும் நேரம்"னு தலைப்பு வச்சா "தண்"ணோட நிக்கும். இதுக்கு கியூஜிஐஎஸ்ஸ திட்டிப் புண்ணியமில்ல. ஜியோபேக்கேஜ்னு ஒரு புது பார்மட் இருக்கு, அதுல சேவ் பண்ணுங்க, தொல்லை விட்டுது. எந்த வீடியோலயும் இதை மொதல்ல சொல்ல மாட்டேங்கறாங்க.

கேள்வி என்ன கேக்கறதுங்கறதுதான் பாதி வேலை. நாங்க மொதல்ல அமெரிக்காக்காரன் பண்றதைப் பாத்தோம். அங்க சிடிசி, அதாவது அவங்க அரசாங்கத்தோட நோய்த் தடுப்பு அமைப்பு, ஒரு சமூகப் பாதிப்பு இண்டெக்ஸ் வச்சிருக்கு, எஸ்விஐ. சின்னச் சின்ன சென்சஸ் துண்டா ஊரைப் பிரிச்சு, வறுமை, வேலையில்லாதது, படிப்பு, இன்சூரன்ஸ், வயசானவங்க, கொழந்தைங்க, வீட்டு நெருக்கடி, வண்டி இல்லாத வீடுன்னு 16 விஷயத்தை நாலு பிரிவா அடுக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் சைபர்ல இருந்து ஒண்ணுக்குள்ள ஒரு ரேங்க் குடுக்கறாங்க. புயலு வெள்ளம்னா எந்தத் தெருவுக்கு முன்னாடி போகணும்னு தெரியறதுக்கு. யோசனை அருமை. ஆனா அதை அப்படியே எறக்கி இங்க வச்சா சிரிப்புதான் வருமுங்க. பத்து வீட்டுக்கு மேல இருக்கற அடுக்குமாடி அவங்க கணக்குல ஒரு பலவீனம், நம்ம கோயமுத்தூர் ரேஸ்கோர்ஸ்ல அடுக்குமாடின்னா கோடில வெலை. வண்டி இல்லாத வீடுன்னு கேட்டா லைன் வீட்டுக்கு லைன் வீடு ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல் நிக்குது. வேலை இல்லாதவங்க எத்தன பேருன்னு திருப்பூர்ல கேட்டு என்ன பண்றது, இங்க வியாதியே வேலை ஜாஸ்தியாகறதுனாலதான். ஆனா அதே லிஸ்ட்ல ரெண்டு நம்மளுக்கு அச்சா பொருந்துது: பாஷை தெரியாதவங்க, ஹாஸ்டல் மாதிரி கூட்டமாத் தங்கியிருக்கறவங்க. மில்லு ஹாஸ்டல், கம்பெனி ரூம் எல்லாம் அதுல வரும். இந்த ரெண்டையும் எடுத்துக்கிட்டு மீதிய நம்மூருக்குத் தகுந்த மாதிரி மாத்துனோம்.

அப்படி மாத்துனதுலயும் பெரிய மாத்தம் ஒரு அக்கா சொன்னதுல வந்தது. லைன் வீட்டுல, வாசல்ல ஒக்காந்து பீஸ்ல பிசிர் வெட்டிட்டு இருந்தாங்க. தண்ணி எத்தன நாளைக்கு ஒருக்கா வருதுங்கன்னு கேட்டதுக்கு, கத்திரிய கீழ வைக்காமயே சொன்னாங்க: "ஏந் தம்பி, எத்தன நாளைக்கு ஒருக்கான்னு கேக்கறயே, எந்நேரத்துக்கு வருதுன்னு கேளு. எங்க லைன்ல பகல்ல வுடறான், பகல்ல இங்க ஆரு இருக்கறா? நா ஒருத்திதான் வூட்ல இருக்கறேன், ஏழு வூட்டு டிரம்முக்கும் நாந்தான் புடிச்சு ஊத்தறேன், எனக்கு ஒடம்பு முடியலீன்னா ஏழு வூட்டுக்கும் தண்ணி இல்ல." அப்பறம் பாரத்துல தண்ணி வர்ற நேரம், அந்நேரத்துக்கு வீட்ல ஆளு இருக்கறாங்களான்னு ரெண்டு கேள்வி சேத்தோம். மேப்ல சேதி சொன்னதே அந்த ரெண்டுதான்.

எப்படின்னா, ஏடிஸ் கொசு முட்டைல இருந்து பறக்கற வரைக்கும் ஒரு வாரம் பத்து நாள் ஆகும், அதுக்கு வேணுங்கறது தெளிஞ்ச தேங்குன தண்ணி. தண்ணி அடிக்கடி வந்தா டிரம்மு காலியாகி நெறையும், கழுவலாம். எடைவெளி கூடுச்சுன்னா, அதுவும் ஒரு தடவை புடிக்க முடியாமப் போச்சுன்னா, அடுத்த தடவை எப்பவோன்னு பயந்துட்டு டிரம்மு, சிமெண்ட் தொட்டி, கொடம், பக்கெட்டுன்னு எல்லாத்துலயும் ரொப்பி வச்சுக்குவாங்க, அடித்தண்ணிய யாரும் கீழ ஊத்த மாட்டாங்க. டெங்கு மஸ்தூர் வந்து அபேட் மருந்து ஊத்திட்டு, தண்ணி மூடி வைங்கம்மான்னு திட்டிட்டுப் போவாங்க. திட்டி என்ன பண்றதுங்க? தண்ணி வுடற நேரம் மாறுனா டிரம்மு தானா கொறையும். இதைப் பத்துப் பேரு வாய்ல சொன்னா பொலம்பல். தண்ணி நேரம் ஒரு லேயர், பகல்ல பூட்டியிருக்கற வீடு ஒரு லேயர், காய்ச்சல் ஒரு லேயர்னு மூணையும் அடுக்கிக் காட்டுனா வாட்டர் டேங்க் ஆபரேட்டரே எட்டிப் பாத்து, அட இந்த வால்வு லைனான்னு கேக்கறாரு. அஞ்சு ஸ்டாரும் இந்த ஒரு வேலைக்கே குடுக்கலாம்.

இனி எச்சரிக்கை. இந்த சாப்ட்வேரு நீங்க சொல்றதைத்தான் வரையும், நீங்க சொன்னது சரியான்னு கேக்காது.

கிராஜுவேட்டட்னு ஒரு ஆப்ஷன், அதுலதான் வெளிர் கலர்ல இருந்து அடர் கலர் வரைக்கும் வீதிய பிரிச்சுக் காட்டறது. அதுல ஈக்வல் கவுண்ட் (ஒவ்வொரு கலருக்கும் ஒரே அளவு வீதி), ஈக்வல் இண்டர்வல் (ஒவ்வொரு கலருக்கும் ஒரே அளவு எண் எடைவெளி), நேச்சுரல் பிரேக்ஸ்னு (எண்ணு தானா பிரியற எடத்துல வெட்டறது) மோடு இருக்குது. ஒரே டேட்டா, மோடை மட்டும் மாத்திப் பாருங்க, ஈக்வல் கவுண்ட்ல பாதி ஊரு எரியுது, ஈக்வல் இண்டர்வல்ல ஒரே ஒரு மூலை மட்டும் கருக்குது, மத்ததெல்லாம் வெள்ளையா நல்லாயிருக்குது. எது பொய்? ரெண்டும் பொய் இல்ல. ஆனா கவுன்சிலர் கைல ஒண்ணுதான் போகும், அதனால எந்த மோடுன்னும், எந்த எண்ணுல இருந்து எந்த எண்ணு வரைக்கும் எந்தக் கலர்னும் மேப்புக்குக் கீழயே போட்டுருங்க. இதைப் போடாம வர்ற மேப்பை, அது எவ்வளவு பெரிய ஆபீஸ்ல இருந்து வந்தாலும், நான் நம்பறதில்ல.

அடுத்தது தூரம். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் அம்பதாயிரம் ஜனத்துக்கு ஒண்ணுங்கறது தேசிய நகர்ப்புற சுகாதார இயக்கத்தோட கணக்கு. சரி, நம்ம வீதில இருந்து எவ்வளவு தூரம்னு பபர் (ஒரு எடத்தைச் சுத்திக் குறிப்பிட்ட தூரத்துக்கு வட்டம்) போட்டுப் பாப்போம்னு போனா, மேப் 4326ல (டிகிரில அளக்கற முறை) இருக்கறப்ப 500னு அடிச்சா அது 500 மீட்டர் இல்லீங்க, 500 டிகிரி, வட்டம் ஒலகத்தையே முழுங்கிரும். மொதல்ல மீட்டர்ல அளக்கற யூடிஎம் முறைக்கு மாத்தணும். கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு எல்லாம் 43ஆவது ஜோன், 32643னு போடுங்க. கரூர், நாமக்கல் டவுன் 78 டிகிரி தீர்க்கரேகையத் தாண்டிருது, அங்க 32644. கொங்கு நாட்டுக்கு நடுவுலயே கோடு போகுது, பக்கத்து ஊரு பைலை வாங்கி ஒட்டறவங்க பாத்துக்குங்க.

மீட்டர் சரியானாலும் வட்டம் நம்மள ஏமாத்தும். திருப்பூரை ரயில் ரோடு ஒரு பக்கம் வெட்டுது, நொய்யல் ஆறு ஒரு பக்கம் வெட்டுது. வட்டத்துல பாத்தா ஆஸ்பத்திரி இந்தா இருக்குது, கைக்கொழந்தையத் தூக்கிட்டு நடந்து போறவங்களுக்கு பாலம் சுத்தணும். இதுக்கு நெட்வொர்க் அனாலிசிஸ்ல சர்வீஸ் ஏரியான்னு ஒரு டூல் இருக்கு, ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் ரோட்டை எடுத்துக்கிட்டு ரோட்டு வழியாவே தூரம் கணக்குப் போடும். அருமையா வேலை செய்யுது. எங்க ஏரியா சந்து பொந்தெல்லாம் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்ல இல்லாம இருந்துச்சு, நாங்களே வரைஞ்சு ஏத்துனோம், அது யாரு வேணா ஏத்தலாம். ஆனா டூலுக்கு நேரம் தெரியாதுங்க. ஒன்றரை ஷிப்ட் முடிச்சு ராத்திரி எட்டரைக்கு வர்ற டைலருக்கு ஓபி பக்கத்துலயே இருந்தாலும் அது பக்கம் இல்ல. பிரஷர் மாத்திரைய பாதில விட்டவங்க எதுக்கு விட்டாங்கன்னு கேட்டா தூரம்னு யாரும் சொல்லல, லீவு போட்டா சம்பளம் போகும்னுதான் சொல்றாங்க. 2021 ஆகஸ்ட்ல மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பிச்சு வீட்டுக்கே மாத்திரை வருது, உண்மையாலுமே நல்ல திட்டம், ஆனா மாத்திரை கொண்டு வர்ற அக்கா வர்ற நேரத்துக்கு லைன் வீட்டுல பூட்டுதான் தொங்குது.

டேட்டாவுக்கு வருவோம். ஆரம்பிக்கறப்ப எல்லாரும் கேக்கறது, கவர்மெண்ட் டேட்டாவே இருக்குமே, எதுக்கு வீடு வீடா அலையறீங்கன்னு. தேசிய குடும்ப நல ஆய்வு அஞ்சாவது ரவுண்டு 2019-21, நல்ல டேட்டா, ஆனா மாவட்டம் வரைக்கும்தான். திருப்பூர் மாவட்டம்னா அதுல காங்கேயம், தாராபுரம், உடுமலை எல்லாம் வந்துருது, எங்க சந்துக்கு அதுல என்ன இருக்கு? சென்சஸ்ல வார்டு வரைக்கும் குடிதண்ணி, கக்கூஸ், அடுப்பு எல்லாம் இருக்கும், ஆனா கடைசி சென்சஸ் 2011. அப்ப 15 வேலம்பாளையமும் நல்லூரும் தனி முனிசிபாலிட்டி, அப்பறந்தான் மாநகராட்சிக்குள்ள வந்துச்சு, இப்ப இருக்கற 60 வார்டு கோட்டுக்கும் அந்த டேபிளுக்கும் ஒட்டே இல்ல. அடுத்த கணக்கெடுப்பு 2027ன்னு அறிவிச்சிருக்காங்க. அது வர்ற வரைக்கும் கால்தான் டேட்டா.

இன்னொண்ணு, வார்டு வார்டா கலர் அடிச்சா அழகா இருக்குமுங்க, அதை நம்பி முடிவு எடுக்கக் கூடாது. 1950லயே ராபின்சன்னு ஒரு அமெரிக்க ஆளு இதைக் கணக்குப் போட்டே காட்டிட்டாரு. வெளிநாட்டுல இருந்து வந்தவங்க ஜாஸ்தியா இருக்கற மாநிலத்துல எழுத்தறிவு ஜாஸ்தியா இருந்துச்சு, ஆனா ஆளு ஆளாப் பாத்தா வந்தவங்களுக்கு எழுத்தறிவு கம்மி, அவங்க படிச்சவங்க இருக்கற மாநிலமாப் பாத்துக் குடியேறியிருக்காங்க, அவ்வளவுதான். நம்மூர்லயும் அதே கதைதான். பெரிய பங்களாவும் அதுக்குப் பின்னாடி லைன் வீடும் ஒரே வார்டு. சராசரி எடுத்தா ரெண்டும் காணாமப் போயிரும். அதனால நாங்க வார்டை விட்டுட்டு கிரியேட் கிரிட்ங்கற டூல்ல அறுகோணக் கட்டம் போட்டு அதுக்குள்ள எண்ணுனோம். கட்டத்தை ரொம்பச் சிறுசாக்குனா ஒரு கட்டத்துக்கு மூணு வீடுதான் வரும், ஒரு வீட்டுல காய்ச்சல் வந்தாலே கட்டம் பூரா செவப்பாயிரும், அதையும் பாத்துக்கணும்.

சாயத்தண்ணிய பத்தி சொல்லாம போனா திருப்பூர்க்காரன்னு யாரும் நம்ப மாட்டாங்க. எங்க குரூப்லயே பாதிப் பேரு, எதுக்குங்க இத்தன லேயரு, நொய்யல் பக்கம் ஒரு கோடு போட்டு எல்லா வியாதியும் சாயப்பட்டறைனாலதான்னு எழுதிருவோம்னாங்க. ஒரத்துப்பாளையம் டேம்ல சாயத்தண்ணி தேங்குனது ஊருக்கே தெரியும், 2011 ஜனவரில ஐகோர்ட்டு சாயப்பட்டறைய மூடச் சொன்னதும் தெரியும், சொட்டுத் தண்ணி வெளிய விடக் கூடாதுன்னு முன்னாடியே போட்ட உத்தரவை மதிக்காததுனாலதான் அந்த மூடல். போர் தண்ணி இன்னும் உப்பு. கேன் தண்ணிக்குக் காசு குடுக்க முடியாதவங்க அதைத்தான் பொழங்கறாங்க. ஆனா ஆத்தங்கரைல இருக்கறவங்கதான் வாடகை கம்மின்னு அங்க போய் ஒண்டுனவங்க, அவங்களுக்குத்தான் கூரையும் சீட்டு, வேலையும் ஒன்றரை ஷிப்ட்டு. எல்லாம் ஒரே எடத்துல குமிஞ்சு கெடக்கறப்ப மேப் பாத்து இதுதான் காரணம்னு கை நீட்ட முடியாது. மேப் எங்க தோண்டணும்னு சொல்லும். நாங்க ஆத்தங்கரைய தனி லேயரா வச்சிருக்கோம், முடிவு எதுவும் எழுதல. இதுல குரூப்ல ஒரு சின்னச் சண்டையே வந்துச்சு, நான் இன்னும் அதே நெலைமைலதான் இருக்கறேன்.

கலரு. டீபால்ட்டா வர்ற செவப்பு ரேம்பை (வெளிர்ல இருந்து அடர் வரைக்கும் போற கலர் வரிசை) மொதல்ல தூக்குங்க. ஒரு வீதிய ரத்தச் செவப்புல காட்டி மேல "நோய்"னு எழுதி வாட்ஸ்அப்ல விட்டா, ஓனருக்கு வாடகை கொறையும்னு கோவம் வரும், குடியிருக்கறவங்களுக்கு அதை விடக் கஷ்டம், அந்த வீதில பொண்ணு எடுக்கவும் குடுக்கவும் யோசிப்பாங்க. நாங்க நோயை வெளிய தர்ற மேப்ல போடறதே இல்ல. தண்ணி நேரம், கக்கூஸ், சீட்டு வீடு இதைத்தான் அடர் நீலத்துல காட்டறோம், சரி பண்ண வேண்டியது அதைத்தானே. வீட்டுப் புள்ளி எந்த மேப்லயும் வெளிய போகாது. டிபி இருக்கற வீடு எதுன்னு ஊருக்கே காட்டறதுக்கா இத்தன பாடு?

கத்துக்கறது எப்படின்னு கேப்பீங்க. அந்த ஒரு ஸ்டார் இங்கதான் போச்சு. மெனு அத்தன பெருசு, நமக்கு வேணுங்கற டூலு எங்கயோ ஒரு மூலைல கெடக்கும். பிராசஸிங் டூல்பாக்ஸ்ல தேடுற பெட்டி இருக்குது, அதுல பேரை அடிச்சு எடுக்கறதுதான் வழி. எங்க பையன் ஒருத்தன் கோயமுத்தூர்ல ஒரு செண்டர்ல காசு கட்டி வீக்கெண்ட் கிளாஸ் போனான், பூராவும் அமெரிக்க கவுண்டி டேட்டாவ வச்சே ஓட்டி அனுப்பிட்டாங்க, தமிழ் சிஎஸ்வி ஒண்ணைக் காட்டுனதுக்கு சாருக்கே தெரியல. அந்தக் காசுக்கு எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்திருக்கலாம். கியூஜிஐஎஸ்ஸோட சொந்த டிரைனிங் மேனுவல் இலவசம், அதுல மொத சில பாடம் போதும். இன்னொண்ணு, பிளெக்ஸ் கடைல ஜேபெக் குடுக்காதீங்க, பிரிண்ட் லேஅவுட்ல இருந்து பிடிஎப் எடுத்துக் குடுங்க. எங்களுக்கு மொதல் பிளெக்ஸ்ல வீதிப் பேரெல்லாம் கொழகொழன்னு வந்துச்சு.

யாருக்கு இது ஒத்து வரும்? குடியிருப்போர் சங்கம், காலேஜ் என்எஸ்எஸ், நர்சிங் பசங்க, கைல எக்செல் தெரிஞ்ச ஒருத்தரும் வீதி வீதியா நடக்கத் தயாரா நாலு பேரும் இருந்தாப் போதும். தனியா ஒக்காந்து லேப்டாப்லயே ஊரைப் பாத்தறலாம்னு நெனைக்கறவங்களுக்கு ஒத்து வராது. எட்டு ஜிபி ரேம் இருக்கற பழைய லேப்டாப்ல நல்லாவே ஓடுது, செட்டிலைட் லேயரை மட்டும் வேலை செய்யறப்ப அணைச்சு வைங்க. இப்ப எங்க மேப்ல அடுத்து சேக்கப் போறது சீட்டு வீட்டு உள்ச்சூடு, சித்திரைக்கு முன்னாடி தெர்மாமீட்டர் வாங்கணும், யாராச்சும் நல்ல மாடல் பயன்படுத்தியிருந்தா கீழ சொல்லுங்க.